ஒரே மேசை, ஒரே மானிட்டர்: படிக்கவா? விளையாடவா?

ஓசூரில் ஒரு வீட்டுக்கு மானிட்டர் வாங்குவது என்றால் அது ஒருத்தருக்கு மட்டும் வாங்குவது இல்லை. பகலில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி அதில் ஆட்டோகேட் பழகுவான். அண்ணனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே. ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே திரையில் வேலரன்ட். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. அப்படியானால் யாருக்காக வாங்குவது?

கடையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "எத்தனை ஹெர்ட்ஸ் வேணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெட்டி மேலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். 144, 180, 240... ஏதோ லாட்டரி எண் மாதிரி!

ஹெர்ட்ஸ் பொய் இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கும், 144-ல் 6.9 மட்டுமே. மவுஸை அசைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் 144-லிருந்து 240-க்குத் தாவினால் குறைவது மூன்று மில்லி நொடிகூட இல்லை. அதுவும் நொடிக்கு அத்தனை படங்களைக் கிராபிக்ஸ் கார்டு வரைந்து தள்ளினால்தான். தனி கார்டே இல்லாத மடிக்கணினியை இதில் செருகிப் பெரிய விளையாட்டுகளை ஆடுவது, டிராக்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு ரேஸுக்குப் போவது போலத்தான். (144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்ஸில் 60-ஐ மாற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் "ஸ்மூத்தா இருக்கு" என்றுதான் தோன்றும்.)

பெட்டி மேல் சின்ன எழுத்தில் இருக்கிற பிக்சல் கணக்குதான் உண்மையில் முக்கியமான சமாச்சாரம். 24 அங்குலத் திரையில் 1920 x 1080 இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080-ஐ 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்துவிடும். பார்க்கப் பெரிசாக இருக்கிறதே என்று வாங்கி வந்தால் எழுத்துகள் பல்லிளிக்கும். 27-ல் 2560 x 1440 எடுத்தால் 109 கிடைக்கும்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்துகள் கொஞ்சம் மங்கினாலும் வாசித்துவிடலாம். தமிழில் 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவே இருப்பது மேலே ஒரு சின்னச் சுழி. 'ன'வுக்கும் 'ன்'னுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. சின்ன எழுத்தில், பிக்சல் போதாத திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்துவிட்டு சாயங்காலம் தலைவலி என்று படுப்பவர்கள் பழியைக் கண்ணாடிக் கடைக்காரர் மேல் போடுகிறார்கள்.

வரைபடத்துக்கும் இதே கதைதான். அசோக் லேலண்ட், டிவிஎஸ் என்று பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் ஓசூர். சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளில் ஒரு பாகத்தின் டாலரன்ஸ் 0.05 என்று இருப்பதை 0.06 என்று படித்தால் பாகம் ஸ்கிராப். பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பெரிதாக்கினால் மீதி வரைபடம் திரைக்கு வெளியே போய்விடுமே! நாளைக்கு அங்கே வேலைக்குப் போகப்போகிற பையன் இன்று பழகுவது இந்தத் திரையில்தான்.

ஆக, ஒரே விலையில் 24 அங்குலம் 1080 பிக்சல் 180 ஹெர்ட்ஸ் ஒன்றும், 27 அங்குலம் 1440 பிக்சல் 75 ஹெர்ட்ஸ் ஒன்றும் இருந்தால் இரண்டாவதுதான் இந்த வீட்டுக்குச் சரி. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும், சண்டையே இல்லை. இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. 1440-ல் பிக்சல்கள் 78 சதவீதம் அதிகம். எளிய கார்டு திணறும். விளையாட்டை மட்டும் 1080-க்கு இறக்கினால் படம் லேசாகக் கலங்கித் தெரியும். தம்பி முனகுவான். ராத்திரி இரண்டு மணி நேர முனகலா, பகல் எட்டு மணி நேரத் தலைவலியா என்றால் முனகலே தேவலை.

பேனல் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், ஐபிஎஸ் போதும். விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் அவற்றில் பலவற்றில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது கறை இழுத்த மாதிரி தெரியும். "1 மில்லி நொடி" என்ற ஸ்டிக்கரை அப்படியே நம்ப வேண்டாம். எதை அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேபிளையும் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 1440 பிக்சலில் 144 ஹெர்ட்ஸ் போகாது.

அடுத்து, எங்கே வாங்குவது? ஓசூர்க்காரர்களுக்கு மானிட்டர் என்றதும் கால் தானாக அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போகும். வரிக்காக என்றால் அதில் அர்த்தமில்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே விகிதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. எஸ்.பி. ரோட்டில் வகை அதிகம், பேரமும் பேசலாம், உண்மைதான். ஆனால் நாலாவது மாதம் திரையில் கோடு விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூரோடு நின்றன. 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்றும் அதே நிலைதான். அந்த மாதிரி நாளில் சர்வீஸ் பில்லை வைத்துக்கொண்டு ஜூஜூவாடியில் நிற்பதைவிட, ஊர்க் கடையில் ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்து, அங்கேயே மின்சாரம் கொடுக்கச் சொல்லி, முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வரலாம்.