ரயில் வராத பாதையில் சைக்கிள்!

மலையில் சைக்கிள் டூர் என்றாலே, "தள்ளிக்கிட்டே போக வேண்டியதுதான்!" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிவில் மாணவர்களாவது சிரிக்கக் கூடாது! மலைச்சாலைக்கு ரூலிங் கிரேடியன்ட் 20-க்கு 1 என்று படிக்கிறோம். சாதாரண ரயிலுக்கு அந்த ஏற்றம் கட்டுப்படியாகாது; இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால்தான் மலையைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி ஏற்றத்தைக் குறைக்கிறார்கள். ரயிலுக்குச் சுலபமான ஏற்றம் நம்ம காலுக்கும் சுலபம்தானே?

ஸ்பெயினின் தெற்கே அண்டலூசியா மலைகளில், ஒல்வேரா முதல் புவேர்த்தோ செர்ரானோ வரை 36 கி.மீ.க்கு இப்படி ஒரு பாதை. 1920-களில் ஆரம்பித்த ரயில் வேலை. 1936-ல் உள்நாட்டுப் போர் வந்தது. கடைசியில் 30 சுரங்கங்களும் 4 பெரிய பாலங்களும் நின்றன. ஒரு ரயில்கூட ஓடவில்லை! இன்று அதில் சைக்கிளும் நடைபயணிகளும்தான். லாரி, காருக்கு இடமில்லை. சுரங்கத்துக்கு வெளியே வந்தால் பாறை முகட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். 1993-ல் அந்நாடு தொடங்கிய 'பசுமைப் பாதை' திட்டம் இன்று 3,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டது.

"டூரிஸ்ட் ஊர் சுத்த அரசாங்கப் பணமா?" என்பார்கள். மலையூர்ப் பையன் லாரிக்குப் பயந்து ஒதுங்காமல் பக்கத்து ஊருக்குப் போகலாமே, அது கணக்கில் வராதா? நம் நாட்டிலும் ஒரு ரயில் பாதையைக் கைவிட்டால், தண்டவாளத்தைத் தாராளமாக ஏலம் விடட்டும். மண்மேட்டையும் பாலத்தையும் மட்டும் சைக்கிளுக்கு விட்டு வைக்கட்டும் என்பதே என் கட்சி.