கோபுரம் ஒன்று, விலை இரண்டு!



தோட்டத்து வீடுகளில் மாதச் செலவைப் பற்றிப் பேசும்பொழுது அரிசி விலை வருகிறது. சமையல் வாயு விலை வருகிறது. பிள்ளைகளின் பள்ளி பஸ் கட்டணம் வருகிறது. கைப்பேசிக் கட்டணம் மட்டும் வருவதில்லை. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சிறுகச் சிறுகப் போவதால் அது ஒரு செலவாகவே கண்ணில் படுவதில்லை. ஒரு மாதம் எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு கைப்பேசிகள். ஒவ்வொன்றுக்கும் பெரிய நிறுவனத்துக்கு மாதம் 40 வெள்ளி போகிறது. அதே பயனை வேறொரு சிறு நிறுவனம் 20 வெள்ளிக்குத் தருமானால் மாதம் 80 வெள்ளி மிச்சம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு நாட்கூலி 65 வெள்ளி 38 காசு என்று வகுக்கப்பட்டது. ஆக, விடியற்காலை பிரட்டுக்குப் போய்ப் பொழுது சாயும் மட்டும் காட்டில் நின்று ஈட்டும் ஒரு நாள் கூலிக்கும் மேலான தொகை, கேட்பாரற்று மாதந்தோறும் வெளியே போகிறது.

ஆயினும் மலிவு என்றவுடன் நம்மவர்களுக்கு ஓர் அச்சம் வந்துவிடுகிறது. "பெரிய கம்பெனி என்றால் லைன் நன்றாக இருக்கும், சின்னக் கம்பெனி பாதிப் பேச்சில் அறுந்துவிடும்" என்கிறார்கள். இந்த அச்சத்தில் ஒரு பாதி உண்மை. மறு பாதி விளம்பரங்கள் செய்துவைத்த வேலை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சிறு நிறுவனங்களில் பலவற்றுக்குச் சொந்தக் கோபுரம் ஒன்றுகூடக் கிடையாது. கோபுரம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, நம்மிடம் சில்லறையாக விற்கின்றன. 2009-இல் தொடங்கிய டியூன் டாக், செல்காம் நிறுவனத்தின் கோபுரங்களைக் கொண்டே தொழிலுக்கு வந்தது. 2012-இல் வந்த ரெட்ஒன்னும் அவ்வாறே. பின்னர் 2022 நவம்பர் இறுதியில் செல்காமும் டிஜியும் ஒன்றாகிச் செல்காம்டிஜி ஆயின. கோபுரக்காரருக்கு நேரே பணம் கட்டுபவரும், சில்லறைக்காரருக்குக் கட்டுபவரும் பேசுவது ஒரே கோபுரத்தின் வழியாகத்தான். ஒரே தோட்டத்துப் பால். வாளியில் எழுதிய பெயர்தான் வேறு.

எண்ணை வைத்து மதிப்புப் போடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 012 என்றால் மெக்சிஸ், 019 என்றால் செல்காம், 016 என்றால் டிஜி என்று மனப்பாடம். 011 என்று தொடங்கும் நீண்ட எண்ணைக் கண்டால், ஏதோ நேற்று வந்தவன் என்ற நினைப்பு. 2008-இல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் முறை இந்நாட்டில் நடப்புக்கு வந்துவிட்டது. அன்று முதல் முன்னால் நிற்கும் மூன்று இலக்கங்கள் எதற்கும் அத்தாட்சி இல்லை. 012 வைத்திருப்பவர் இன்று எந்த நிறுவனத்திலும் இருக்கலாம். இருபது ஆண்டுகளாக உறவினரும் பள்ளிக்கூடமும் வங்கியும் அறிந்த எண்ணை விட்டுவிட வேண்டுமே என்று தயங்குவோருக்குச் சொல்கிறோம்: விட வேண்டியதில்லை. புதிய நிறுவனத்திடம் போய்ப் பழைய எண்ணோடு வருகிறேன் என்றால் போதும்.

விலையைக் காட்டிலும் நமக்குக் கோபம் தருவது கெடு நாள். முன்கட்டணக்காரர்களுக்கு ஒரு வெள்ளிக்கு ஒரு நாள் என்ற கணக்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. பத்து வெள்ளி போட்டால் பத்து நாள். பதினோராம் நாள் உள்ளே பணம் மீதி இருந்தாலும் பேச முடியாது. மொத்தமாக முப்பது வெள்ளி போட முடிந்தவருக்கு ஒரு மாதக் கவலை தீர்ந்தது. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஐந்து வெள்ளிக்கு மேல் கையில் இல்லாதவர் ஐந்து நாளைக்கு ஒருமுறை கடைக்கு ஓடினார். இணையத் தரவுத் திட்டங்களிலும் இதே கதைதான். வாரத் திட்டத்தை நான்கு முறை வாங்குகிறவர், மாதத் திட்டத்தை ஒரு முறை வாங்குகிறவரைக் காட்டிலும் பெரும்பாலும் அதிகம் கொடுக்கிறார். இல்லாதவனே கூடுதலாகக் கொடுக்கும் இந்த முறை நமக்குப் புதிதன்று. கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கால் கட்டி சீனி வாங்கிய காலத்திலிருந்து பார்த்துவருகிறோம். ஆகவே சில்லறை நிறுவனத்திடம் போகும்பொழுதும் விலையை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். கெடு தாண்டினால் மீதிப் பணம் என்ன ஆகும், எண் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்றும் கேளுங்கள்.

இனி, அச்சத்தின் உண்மைப் பாதிக்கு வருவோம்.

பட்டணத்தில் எல்லாக் கோபுரமும் எட்டும். தோட்டத்தில் அப்படியில்லை. மலைச்சரிவில் இருக்கும் லயத்துக்கு ஒரு நிறுவனத்தின் கோபுரம் மட்டுமே எட்டலாம். அந்தக் கோபுரத்தை எந்தச் சில்லறைக்காரரும் வாடகைக்கு எடுத்திராவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் நமக்குப் பயனில்லை. காட்டில் விழுந்து கால் முறிந்தவரைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் லைன் வேண்டும். இருபது வெள்ளி மிச்சத்துக்காக அதை இழப்பது புத்தியன்று. ஆகவே "யார் மலிவு?" என்று கேட்பதற்கு முன் "யாருடைய கோபுரத்தில் ஓடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு மாதம் வீட்டிலும் காட்டிலும் பேசிப் பாருங்கள். கூட்ட நெரிசலான நேரத்தில் சில நிறுவனங்கள் சில்லறைக்காரரின் வாடிக்கையாளரைப் பின்னால் நிறுத்துவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவில் சோதித்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கைப்பேசியையும் பார்க்க வேண்டும். இந்நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜி வழியாகக் குரல் பேசும் வசதி எல்லாக் கைப்பேசியிலும் எல்லாச் சில்லறை நிறுவனத்திலும் ஒத்துப்போவதில்லை. நம் கைப்பேசிக்கு அந்த வசதி உண்டா என்று கேட்ட பிறகே சிம் அட்டையை வாங்க வேண்டும். இன்னொன்று, சின்ன நிறுவனத்துக்கு ஊர் ஊராகக் கடை இருக்காது. குறை சொல்லச் செயலியைத் திற, செய்தி அனுப்பு என்பார்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு இது பெரிய இடர். அப்பேர்ப்பட்டவர்கள், உதவிக்குப் பிள்ளைகள் அருகில் இல்லையென்றால், இருக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது என்பதே எமது கருத்து.

மாறப் போகிறவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் பெயர். 2006-இல் முன்கட்டண எண்களை அடையாள அட்டையோடு பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எண்ணை மாற்றக் கேட்க முடியும். எத்தனை வீடுகளில் மனைவி பேசும் எண் கணவர் பெயரிலும், தாயார் பேசும் எண் வேலையை விட்டுப் போய்விட்ட மகன் பெயரிலும் இருக்கிறது! காலமானவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் எண்களும் உண்டு. வங்கியின் உறுதி எண் வருவது அந்தக் கைப்பேசிக்குத்தான். மாறுகிறோமோ இல்லையோ, இதை முதலில் நேர்செய்துகொள்ள வேண்டும். பதிவு மாற்றத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை இப்பொழுதிருக்கும் நிறுவனத்தின் கடையிலேயே கேட்டறியலாம். தோட்ட வாசலில் மேசை போட்டுச் சிம் விற்பவரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். கண் முன்னால் பதிவு செய்யச் சொல்லி, கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய நிறுவனத்தில் மீதியிருக்கும் பணம் உங்களோடு வராது. அதைப் பேசித் தீர்த்துவிட்டு மாறுங்கள். மாதப் பில் கட்டுபவராக இருந்தால் பாக்கியும் ஒப்பந்தமும் தீரவேண்டும்.

"கோபுரம் கட்டியவனுக்குப் பணம் கொடுக்காமல் தரகனுக்குக் கொடுப்பது நியாயமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சில்லறைக்காரர் கோபுரத்தைச் சும்மா உபயோகிக்கவில்லை, வாடகை கொடுக்கிறார். அன்றியும் உட்புறப் பகுதிகளுக்குச் சேவை கொண்டுசெல்லவென்றே ஒரு நிதி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தம் நிகர வருமானக் கணக்கில் 6 விழுக்காட்டை அதில் செலுத்துகின்றன. அந்த வருமானம் நாம் கட்டிய ஐந்தும் பத்தும் அல்லாமல் வேறென்ன?

குறைகளுக்கு வழியில்லை என்றும் நினைக்க வேண்டாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடம் போகலாம். இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்பொழுது ஒவ்வொருவரும் தம் லயத்தில் எந்த நிறுவனத்தின் லைன் கிடைக்கிறது, வெளிக்காட்டில் எது கிடைக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வரவும். கிளைச் செயலாளர் அவற்றைச் சேர்த்து ஒரே பட்டியலாக்கிப் பிரட்டுக் களத்தில் ஒட்டிவைத்தால், சிம் விற்க வருபவரிடம் நம் மக்கள் அந்தப் பட்டியலைக் காட்டிப் பேசலாம்.