நானூறு கொசுவங்கள்

ஜனவரி 26 அன்று கர்தவ்யப் பாதையில் நடைபெறும் அணிவகுப்பைக் கண்டபின், வீட்டுக் கூடத்தில் கைவீசி நடைபோடாத தில்லித் தமிழ்க் குழந்தை அரிது. அந்த ஆர்வத்தைச் சற்றே அப்பால் திருப்பினால், அயலார் உள்ளத்தையும் குழந்தைகள் அறியக்கூடும் என்று எண்ணினோம். ஒரு ஞாயிறன்று அதனைச் செய்தும் பார்த்தோம்.

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸில், நாடாளுமன்றத்தின் முன்னே, பெயரறியாப் போர்வீரர் நினைவிடம் உள்ளது. 1932-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதனை இரவும் பகலும் காப்போர் எவ்சோன் எனப்படும் வீரர். மணிக்கொருமுறை காவல் மாறும். ஞாயிறு காலை 11 மணிக்கு வாத்திய முழக்கத்துடன் பெரிய மாற்றம் நிகழும்.

அக்காட்சியைத் திரையில் கண்டதும் நம் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். ஆண்மக்கள் வெள்ளைப் பாவாடை உடுத்தியிருக்கிறார்களாம்! காலணியில் கறுப்புக் குஞ்சமாம்!

நாம் கடிந்துகொள்ளவில்லை. பழைய செய்தித்தாள்களை அளித்து, அவ்வாடையில் உள்ளபடி 400 கொசுவங்கள் மடிக்குமாறு சொன்னோம். நாற்பதைத் தாண்டுமுன் விரல்கள் சோர்ந்தன. துருக்கியரின் ஆட்சியில் கழிந்த ஏறத்தாழ 400 ஆண்டுகளை அவை குறிப்பதாக அந்நாட்டார் கூறுவர் என்றும், அவ்வாட்சியை எதிர்த்து 1821-இல் விடுதலைப் போர் மூண்டது என்றும் அப்போது எடுத்துரைத்தோம். ஆணி அறைந்த அக்காலணிகள் ஒரு சோடி சுமார் 3 கிலோ எடையுள்ளவை. அவ்வளவு அரிசியைப் பையிலிட்டுத் தூக்கச் செய்தோம். பின்னர் அசையாது நிற்கச் சொன்னோம். மூன்றாம் நிமிடத்தில் இளையவள் மூக்கைச் சொறிந்தாள். காவலரோ ஒரு மணி நேரம் சிலையென நிற்பர். அத்தனை நேரம் நின்ற கால்களில் இரத்த ஓட்டம் சீராவதற்கு, முழங்காலை மெல்ல மெல்ல உயர்த்தி நடக்கும் அந்நடை உதவுகிறது. அதனைப் பிள்ளைகள் மறுபடி நடந்து காட்டியபோது சிரிப்பு அடங்கியிருந்தது.

சற்று நேரம் மௌனமாயிருந்த மூத்தவன் கேட்டான்: "தாத்தாவின் வேட்டியைப் பார்த்துக் கீழ்வீட்டுப் பையன் சிரித்தானே, அவனுக்கும் இப்படிச் சொல்லலாமா?"

நமக்குத் திடுக்கிட்டது. சில நாட்களாகத் தாத்தாவுடன் கடைக்குப் போக அவன் ஏன் மறுத்து வந்தான் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"அழைத்து வா" என்றோம். அடுத்த ஞாயிறன்று கீழ்வீட்டுப் பையன் வந்தான். தாத்தா அவனுக்கு வேட்டி கட்டிவிட்டார். இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை நின்றது. மாலையில் மூவருமாகக் கடைக்குப் புறப்பட்டனர்.

அன்பர்களே, பிறர் மரபை வீட்டில் நடித்துப் பார்ப்பது வெறும் விளையாட்டாக முடிந்துவிடலாகாது. யாருக்காக அந்த நடை என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு, பார்த்துச் சிரிப்போரும் உண்டு, சிரிக்கப்படுவோரும் உண்டு. பல வேளைகளில் இருவரும் ஒரே வீட்டில் இருக்கின்றனர்.