உண்டியலில் கிடைத்த 4 தாலர்



உண்டியலைத் திறக்கும் பொழுது ஒரு பங்குக் குருவின் மனத்தில் எழும் கணக்குகள் பல. கூரை ஒழுகும், மணிக்கயிறு இற்றுப்போயிருக்கும், உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி இருக்கும். 1695-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழாவையொட்டி, ஜெர்மனி நாட்டின் ஹாலே நகர மதிலுக்கு வெளியேயிருந்த கிளௌகா என்னும் சிற்றூரில், லுத்தரன் சபைப் போதகர் ஒருவர் தம் இல்லத்தில் வைத்திருந்த காணிக்கைப் பெட்டியைத் திறந்தார். யாரோ ஒருவர் ஒரே தடவையில் இட்ட 4 தாலரும் 16 குரோஷனும் அதில் இருந்தன. 24 குரோஷன் ஒரு தாலர். பெருந்தொகையன்று. ஆயினும், 'இது நேர்மையான முதல். இதைக்கொண்டு உருப்படியாக ஒன்றைத் தொடங்கவேண்டும்' என்று அவர் எண்ணினார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்த லத்தீன் உயர்நிலைப் பள்ளி இன்றும் ஹாலேயில் நடைபெறுகிறது.

பிரிந்த சகோதரரின் பள்ளிக்கு நம் இதழில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற அப்போதகர் நம்மைப் போலவே ஒரு பங்கைச் சுமந்தவர் என்பது ஒரு காரணம். தமிழ்மொழியின் வரலாற்றில் அப்பள்ளி வளாகத்திற்கு இடமுண்டு என்பது மற்றொன்று.

1692-இல் அவர் கிளௌகாவிற்கு வந்தபொழுது அவ்வூர் சீரழிந்து கிடந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோய் மக்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிருந்தது. எஞ்சியிருந்த வீடுகளிலோ சாராயக் கடைகள் மலிந்திருந்தன. வியாழன்தோறும் இரவலர்கள் போதகர் இல்லத்து வாசலில் அப்பத்திற்காகக் கூடுவர். அவர்களை உள்ளே அழைத்து ஞானோபதேசக் கேள்விகள் கேட்டுப் பார்த்தார் பிராங்கே. வந்தோர்க்கு எழுத்தும் தெரியவில்லை, வேதமும் தெரியவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்திற்கென்று காசு கொடுத்துப் பார்த்தார். காசு போயிற்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. அதன் பின்னரே அந்தப் பெட்டியும் அந்த 4 தாலரும் வந்தன.

2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க அமர்த்தி, வாரத்திற்கு 6 குரோஷன் கொடுத்தார். தம் படிப்பறைக்கு முன்னிருந்த அறையே பள்ளிக்கூடமாயிற்று. 27 பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வீட்டிற்கு அனுப்பினார். மறுபடியும் புத்தகத்தோடு வந்தவர்கள் 4 பேர். மற்றவர்கள் புத்தகத்தோடு மறைந்தனர். விற்றுத் தின்றனர் போலும். பசித்த வீட்டில் புத்தகம் எத்தனை நாள் தங்கும்?

இவ்விடத்தில் நம்மில் பலர் பள்ளியை மூடியிருப்போம். 'இந்த மக்களுக்கு எது செய்தும் பயனில்லை' என்று மேலிடத்திற்கு ஓர் அறிக்கையும் எழுதியிருப்போம். பிராங்கே எஞ்சியிருந்த காசுக்கு மீண்டும் புத்தகம் வாங்கினார். ஆனால் இம்முறை, பாடம் முடிந்ததும் புத்தகங்களை அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வளவே.

பள்ளி நன்றாக நடக்கிறதென்று கண்ட ஊரார், வாரம் ஒரு குரோஷன் தருகிறோம், எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்று வந்தனர். சில மாதங்கள் ஏழைப் பிள்ளைகளும் ஊரார் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்தனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்திற்குள் கூட்டம் பெருகியது. அறைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. அப்பொழுது, காசு கொடுக்கும் பிள்ளைகள் ஓர் ஆசிரியரிடமும், காசில்லாப் பிள்ளைகள் வேறோர் ஆசிரியரிடமுமாகப் பிரிக்கப்பட்டனர். பங்குப் பள்ளி நடத்திய எவருக்கும் இதைப் படிக்கையில் நெஞ்சு சுருக்கென்னும். நமக்கும் அப்படியே.

அதன் பின் வளர்ச்சி விரைந்து வந்தது. அநாதைப் பிள்ளை ஒன்றை வளர்க்க எண்ணியபொழுது, தாய் தந்தையற்ற 4 சகோதரிகளைக் காட்டி, ஒருத்தியைத் தெரிந்துகொள்ளும் என்றனராம். நால்வரையும் ஏற்க முன்வந்தார் அவர். 1698-இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டவரை நம்பினோர் கழுகுகளைப் போல் உயர எழுவர் என்னும் இசையாஸ் இறைவாக்கினரின் வசனத்தை நினைவூட்டும் வண்ணம், கதிரவனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகள் அதன் முகப்பில் அமைக்கப்பட்டன. மருந்துச்சாலை, அச்சகம், புத்தகசாலை ஆகியவை எழுந்தன. அவற்றின் வருவாய் அநாதைகளுக்குச் சோறிட்டது. பல்கலைக்கழகத்து ஏழை மாணவர்களுக்கு இலவச உணவு கிடைத்தது. அதற்கு ஈடாக அவர்கள் பள்ளியில் பாடம் நடத்தினர். நடத்தும் முறையையும் கற்றனர். 1727-இல் பிராங்கே இறந்தபொழுது 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பயின்றனர்.

ஆனால் அத்தனை பேரும் ஒரே பள்ளியில் பயிலவில்லை. பிரபுக்களின் மைந்தருக்குப் 'பெடகோகியம்' என்றொரு பள்ளி; ஏழைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் வேதமும் கற்பிக்கும் ஜெர்மன் பள்ளி; இரண்டிற்கும் நடுவே 1697-இல் தொடங்கிய லத்தீன் பள்ளி. குருமடத்தில் லத்தீன் வேற்றுமைகளை உருப்போட்டுக் கண் சிவந்த நமக்கு அப்பெயரே ஒரு பயம்! ஆயின் அக்காலத்தில் பல்கலைக்கழகத்தின் கதவை லத்தீன் ஒன்றே திறந்தது. நகர மக்களின் மைந்தரோடு, அறிவுத்திறம் வாய்ந்த அநாதைச் சிறுவரும் அப்பள்ளியில் சேர்க்கப்பட்டனர். பிறந்த நிலையைத் தாண்டிச் செல்ல அவ்வளாகத்தில் இருந்த வழி அதுவே. அது ஒடுங்கிய வழி. ஆயினும் அடைபட்ட வழியன்று.

குறைகளையும் மறைத்தலாகாது. விளையாட்டு நேரத்தை வீணாக்கும் என்று பிராங்கே கருதினார். பிள்ளைகள் ஒரு கணமும் கண்காணிப்பின்றி விடப்படவில்லை. பின்னாளில் மொரேவியன் சகோதரர் சபைக்குப் புத்துயிர் ஊட்டிய சின்சென்டோர்ப் பிரபு, 10 வயதில் பெடகோகியத்தில் சேர்க்கப்பட்டவர். அங்கே அவர் பட்ட துன்பம் சிறிதன்று. பிள்ளை என்றால் ஓடத்தானே செய்யும்?

தமிழுக்கு வருவோம். ஹாலேயில் சிறிது காலம் பயின்ற சீகன்பால்க், டேனிஷ் மன்னரால் அனுப்பப்பட்டு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713-இல் இங்கு வந்து சேர்ந்தன. எழுத்தின் அளவு பெரிது; காகிதத்தை விழுங்கியது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தனர். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது. (தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதற்கு முன்பே, 1578-இல், சேசு சபைக் குரு அன்றீக்கே அடிகளாரால் வெளிவந்தது என்பதை நம் வாசகர் அறிவர், பெருமைக்காக ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம்.) அவர்தம் கொள்கைகளை நம் வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' முதலிய நூல்களில் கடுமையாக மறுத்தார். அக்காலத்துச் சண்டை அது.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் விரிவாக ஒரு நூல் எழுதி 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை அகற்றவே உம்மை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பதே அவர் எண்ணம். அந்நூல் 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. ஊரே கைவிட்ட பிள்ளைகளிடம் அத்துணைப் பொறுமை காட்டிய மனிதர், தம் மாணவர் அன்போடு அறிந்தெழுதிய ஒரு மக்களின் சமயத்தை வாசிக்கத்தக்கதென்று எண்ணாமற்போனது நமக்கு வருத்தமே.

பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். நெப்போலியன் காலத்தில் பல்கலைக்கழகம் மூடப்பட்டது; பிராங்கேயின் வழித்தோன்றலும் பள்ளிகளின் தலைவருமான நீமையர் 1807-இல் பிரான்சிற்குப் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார். 1808-இல் நகரின் வேறு இரு உயர்நிலைப் பள்ளிகள் லத்தீன் பள்ளியோடு இணைக்கப்பட்டன. பிரபுக்களின் பெடகோகியம் 1870-இல் மூடப்பட்டது. லத்தீன் பள்ளி நின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் ஹாலே சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் வந்தது. 1946-இல் அறநிலையம் தன் தனியுரிமையை இழந்தது. லத்தீன் பள்ளியும் தன் பெயரையும் தன்மையையும் இழந்து வேறு பள்ளிகளோடு கலந்துபோயிற்று. வேத பாடம் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டது. கட்டடங்கள் பழுதாயின. கழுகுகள் பறக்கும் முகப்பிற்கு எதிரே தூண்கள்மேல் ஒரு நெடுஞ்சாலை எழுந்தது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பொதுவுடைமை அரசு அதே வளாகத்தில் தொழிலாளர், உழவர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தப்படுத்தும் கல்விக்கூடம் ஒன்றை நடத்தியது. நம்பிக்கை அற்றவர்கள், 250 ஆண்டுகளுக்கு முன் ஒரு போதகர் பாதி திறந்த கதவை, தம் முறையில் அகலத் திறக்க முயன்றனர். அதே நாட்டில் போதகர்களின் பிள்ளைகள் பலருக்கு மேற்படிப்பு மறுக்கப்பட்டது என்பதும் உண்மையே. ஒரு பிள்ளைக்குத் திறக்கையில் இன்னொரு பிள்ளைக்கு மூடும் பள்ளியை நாம் எப்பெயரால் அழைப்பது?

1990-இல் ஜெர்மனி ஒன்றானது. மறு ஆண்டு லத்தீன் பள்ளி பழைய பெயரோடு, பிராங்கேயின் பெயரையும் தாங்கி, மாநில அரசின் உயர்நிலைப் பள்ளியாக மீண்டும் தொடங்கப்பட்டது. அறநிலையமும் உயிர்பெற்றது, இடிந்து விழவிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டன. இன்று அங்கே இசைக்குத் தனிப்பிரிவு உண்டு. பழைய மொழிகளையும் கற்பிக்கின்றனர். அரசுப் பள்ளியாதலால் பாடத்திற்குக் கட்டணம் இல்லை. வாரம் ஒரு குரோஷன் கொடுத்த பிள்ளையும் கொடாத பிள்ளையும் என்ற பிரிவு அவ்வகுப்பறைகளில் இப்பொழுது இல்லை. அதே வளாகத்து ஆவணக்காப்பகத்தில், தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. முதல் வாரத்தில் திரும்பி வராத அந்த 23 பிள்ளைகளின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.