தட்டில் விழும் காசும் தலைமேல் விழும் வரியும்

கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன்னே ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தோழன் வருமான வரி அலுவலக வாசலை மிதித்தவனல்லன். ஆனால் வரி கட்டாதவனா அவன்? சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி! விலைக்குள்ளேயே அது ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவன்தான் சித்திரையில் வீரபாண்டியிலும், சனிக்கிழமையில் குச்சனூரிலும், கூலியில் மிச்சம் பிடித்ததைத் தட்டிலே போடுகிறான். அந்தக் காசுக்கு வரி உண்டா என்று கேட்கிறார்கள் தோழர்கள்.

உண்டு. உண்டியலில் விழுவது கோயிலுக்கு. அதற்குச் சட்டம் விலக்களிக்கிறது. தட்டில் விழுந்து அர்ச்சகர் மடிக்குப் போவது அவருடைய தொழில் வருமானம். 'அன்பளிப்பு வருமானமாகுமா?' என்று வழக்காடியும் பார்த்துவிட்டார்கள். திருவிதாங்கூரில் போலீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ண மேனன் (நேருவின் அமைச்சரவையில் இருந்தவர் அல்லர், இவர் வேறு) வேதாந்தம் போதித்து வந்தார். கட்டணம் கேட்டதில்லை. லெவி என்ற வெள்ளைக்காரச் சீடர் ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய் கொடுத்தார். கேட்டு வாங்கினாரா, கேளாமல் வந்ததா என்பது கேள்வியே அல்ல. போதித்ததால் வந்தது, ஆகவே தொழில் வருமானம் என்று 1958-இல் தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம்.

ஒரு மதத்தாரை மட்டும் நாம் சுட்டவில்லை. தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியராயிருக்கும் பாதிரிமாரும் கன்னிகாஸ்திரீகளும், 'சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறோம், வறுமை விரதம் பூண்டவர்கள்' என்றார்கள். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 7-11-2024-இல் உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை. வாங்கிய பிறகு யாருக்குக் கொடுத்தாலும் வாங்கியது சம்பளமே! சரியான தீர்ப்புதான்.

ஆனால் பாருங்கள், அந்தக் கன்னிகாஸ்திரீயின் சம்பளத்தில் வரி பிடித்த பிறகே மிச்சம் வருகிறது. பாத பூஜைக்கு வரும் கனத்த உறைக்கு ரசீது ஏது, கணக்கு ஏது? சட்டம் இருவருக்கும் ஒன்று. அதன் கை மட்டும் ஒருவரிடம் நீள்கிறது, மற்றவரிடம் மடங்குகிறது.

கிராமத்துப் பூசாரியைக் காட்டி இதை மறைக்கப் பார்ப்பார்கள். ஏமாறாதீர்! 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி கிடையாது. ஒருகாலப் பூஜைக் கோயில் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்ததே, அந்த ஆயிரத்துக்குக் காத்திருப்பவர் வரி வளையத்துக்குள் வருவதே இல்லை. அவருக்கு அல்ல, அவர் முதுகுக்குப் பின்னே நிற்பவருக்கே நடுக்கம்.

2025 பிப்ரவரியில் மதுரை நேதாஜி சாலை தண்டாயுதபாணி கோயிலில், தட்டுக் காசையும் உண்டியலில் போடவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். நோக்கத்தில் குற்றம் காணோம்; முறைதான் தலைகீழ். குடும்பம் நடத்தத் தக்க சம்பளத்தை முதலில் நிர்ணயித்துவிட்டு அல்லவா தட்டின் மேல் கை வைக்க வேண்டும்? வீரபாண்டியிலும் குச்சனூரிலும் அறநிலையத்துறை அந்தச் சம்பளத்தை அறிவிக்கட்டும். அதன்பின் தட்டுக்கும் ரசீதுப் புத்தகம் வைக்கட்டும்.