வெண்சாலையின் மறுபாதி

இத்தாலியின் திராட்சைக் குன்றுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைன் கோப்பையிலிருந்தே தொடங்குகிறார்கள். நாம் சாலையிலிருந்து தொடங்குவோம். டஸ்கனியில், ஃப்ளாரன்ஸ் நகருக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட கியாந்திக் குன்றுகளின் ஊடே தார் காணாத சாலைகள் இன்றும் ஓடுகின்றன. சுண்ணாம்புக்கல் சரளை பரப்பியவை. நண்பகல் வெயிலில் கண் கூசும். 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெண்சாலைகள் என்பது அவற்றின் பெயர். இவற்றில் மிதிவண்டி ஓட்டுவதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஓர் இலையுதிர் காலத்தில் நாங்கள் மூவரும் அப்படித்தான் போனோம். திரும்பி வந்தபின் எங்களுக்குள் நெடுநாள் நடந்த பேச்சின் சாரம் இது: அந்தச் சாலைகளைக் காப்பாற்றிவிட்டார்கள், அவற்றில் சுமை தூக்கி நடந்தவர்களின் நினைவைக் காப்பாற்றும் வேலை பாக்கி இருக்கிறது.

காப்பாற்றியவர்களுக்குரிய மரியாதையை முதலில் செய்துவிட வேண்டும். 1997 இல், கையோலே என்ற கியாந்திச் சிற்றூரில், ஜ்யான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 'லெரோயிகா' என்ற மிதிவண்டி விழாவைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 1987க்கு முற்பட்ட பாணியிலான எஃகு மிதிவண்டிகளுக்கே அதில் இடம். தாருக்குப் பலியாகிக்கொண்டிருந்த வெண்சாலைகளின் பக்கம் ஊரார் கவனத்தைத் திருப்புவதும் அவருடைய நோக்கமாக இருந்தது. அதன் தூண்டுதலில் 2007 இல் ஒரு தொழில்முறைப் பந்தயமும் பிறந்தது. 'ஸ்த்ராதே பியாங்கே' என்ற பெயரிலேயே ஆண்டுதோறும் நடந்து, சியெனாவின் காம்போ சதுக்கத்தில் முடியும் அப்பந்தயத்தை இன்று மிதிவண்டி உலகம் முழுதும் அறியும். ஒரு விளையாட்டு ஒரு சாலையின் உயிரைக் காத்தது சிறிய காரியம் அல்ல.

லெரோயிகாவின் நெடும்பாதை சுமார் 209 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் முடிக்கும் வீரம் எங்களுக்கு இல்லை. துண்டு துண்டாக ஓட்டினோம். சரளையில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்கிறது. அமர்ந்தபடியே, மூச்சை அளந்து ஏற வேண்டும். இறங்கும்போது முன்பிரேக்கை இறுக்கிப் பிடிப்பவர் கீழே கிடப்பார். எங்களில் ஒருவர் கிடந்தார். மழை பெய்துவிட்டால் வெண்தூசி களியாகிச் சங்கிலியில் அப்பிக்கொள்கிறது. காரில் போகிறவருக்கு அலையலையான அழகாகத் தெரியும் குன்று, மிதிவண்டிக்காரருக்குத் தொடையில் ஏறும் வலியாகத் தெரிகிறது. இந்த வலியைத்தான் நாம் மதிப்புள்ளதாகக் கருதுகிறோம். இந்த மேட்டில் ஒருவர் கோடையில் தண்ணீரும் இலையுதிர் காலத்தில் திராட்சையும் சுமந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி, மூச்சு வாங்கும்போதுதான் எழுகிறது.

சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டிய வெண்சாலை வழியே ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுவது அப்பாதையின் புகழ்பெற்ற பகுதி. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தீனோ ரிக்காஸோலி பிரபுவின் கோட்டை அது. எந்தத் திராட்சையை எதனோடு கலந்தால் கியாந்தி வைன் ஆகும் என்பதை 1872 இல் எழுதிவைத்தவர் அவர்தான். வழிகாட்டி நூல்கள் இதைத் தவறாமல் சொல்கின்றன. கோட்டைக்குக் கீழே சிதறிக் கிடக்கும் கல்வீடுகளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

அவை வாரக்குடிகளின் வீடுகள். 'மெத்ஸாத்ரியா' என்ற வாரச் சாகுபடி முறை நூற்றாண்டுகளாக டஸ்கனியின் கிராமங்களை ஆண்டது. நிலமும் வீடும் உடைமையாளருடையவை. உழைப்பு முழுக் குடும்பத்துடையது. விளைச்சலில் சரிபாதி வாரம். குடும்பத்தின் சாப்பாட்டுக்கு எல்லாமே வேண்டும் என்பதால் கோதுமை, ஒலிவம், கொடி எல்லாம் கலந்தே பயிராயின. மேப்பிள் மரத்தின்மேல் திராட்சைக்கொடி படர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மக்கள் தொழிற்சாலைகளை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1964 இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. காலியான வீடுகளை வெளிநாட்டார் வாங்கினார்கள். ஆங்கிலேயர் பெருகியதால் கியாந்திக்கு ஒரு கேலிப்பெயர்கூட ஏற்பட்டது. டிராக்டர் ஓடுவதற்கேற்ற நேர்வரிசைத் தோட்டங்கள் பெருமளவில் எழுந்தது அதன் பிறகுதான். ஆகவே, தொன்மையின் முகம் என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த நேர்த்தியான கொடிவரிசைகளில் பெரும்பகுதிக்கு ஓர் ஆயுள் வயதுதான் இருக்கும். வெண்சாலைகள் இவ்வளவு காலம் வெண்மையாகவே நீடித்ததற்கும், அவற்றில் போக ஆள் குறைந்ததற்கும் தொடர்பு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

அங்கிருந்து மிதிவண்டிகளை ரயிலேற்றி, வடமேற்கே பியெமோந்தே பகுதியின் லாங்கே குன்றுகளுக்குப் போனோம். பரோலோ வைன் விளையும் இடம். 2014 இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கே இலக்கியம் நமக்கு முன்பே வந்து காத்திருக்கிறது. செஸாரே பவேஸே பிறந்த சாந்தோ ஸ்தெஃபானோ பெல்போ இக்குன்றுகளின் ஓரத்தில்தான் உள்ளது. 1950 இல் வெளிவந்த அவருடைய 'நிலவும் சொக்கப்பனைகளும்' நாவலில், நில உடைமைக்காரப் பெண்மணி வந்து அவரையும் உருளைக்கிழங்கும் பங்கு பிரித்துக்கொண்டு போன நாளில்தான் வாரக்குடியான வாலீனோ தன் வீட்டாரைக் கொன்று, வீட்டைக் கொளுத்தி, தூக்கில் தொங்குகிறான். ஆல்பா நகரத்தவரான பெப்பே ஃபெனோலியோவின் 'கேடு' (1954), வறுமை தாளாத ஒரு குடும்பம் மகனை இன்னொரு வாரக்குடியிடம் பண்ணையாளாக விடும் கதை. நூத்தோ ரெவெல்லி இப்பகுதி விவசாயிகளிடம் நேரில் கேட்டுத் தொகுத்த வாக்குமூலங்கள் 1977 இல் 'தோற்றவர்களின் உலகம்' என்று வெளிவந்தன. இன்று ஒரு போத்தல் பரோலோவுக்குக் கொடுக்கும் விலையை அந்நூலின் மனிதர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

பழங்கதைதானே என்று கேட்கலாம். வறுமை நீங்கியது நல்லதுதான். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆல்பாவில் 1946 இல் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை, குன்றுகளின் ஊர்களுக்கே பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துக்கொண்டது. பலர் நிலத்தை விடாமலே கூலியும் பெற்றது அதனால்தான். ஆனால் கொடியறுக்கும் கைகள் மாறியிருக்கின்றனவே தவிர, கதை முடிந்துவிடவில்லை. 2024 கோடையில், ஆல்பா வட்டாரத் தோட்டங்களில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களைச் சுரண்டிய குற்றச்சாட்டில் கங்காணிகள் கைதானார்கள். மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதே குன்றுகளில்தான் இதுவும்.

மிதிவண்டிப் பாதைகளின் வரைபடங்கள்மீது நமக்குள்ள மனக்குறை இதுதான். எந்த வைன் நிலவறையில் சுவைக்கலாம், எந்த மேட்டில் நின்றால் படம் நன்றாக வரும், எங்கே மின் மிதிவண்டிக்கு மின்னேற்றலாம் என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. மின் மிதிவண்டியை நாம் பழிக்கவில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் குன்று வேண்டும். ஒரு பாழ்வீட்டின் அருகே, இங்கே இன்ன காலம்வரை இத்தனை பேர் வாழ்ந்தார்கள், பாதி விளைச்சலை இந்தச் சாலை வழியாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஒரு சிறு பலகை வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை. அதுவரை, பயணப்பையில் பவேஸேயும் ஃபெனோலியோவும் இருக்கட்டும் என்பதே நம் யோசனை. கனம் அதிகமில்லை.

பயணத்தின் தொடக்கத்தில் சியெனாவில் பார்த்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறோம். அதன் பொருள் அப்போது முழுதாக எட்டவில்லை. பந்தயம் முடியும் காம்போ சதுக்கத்திலேயே நகர மன்ற மாளிகை இருக்கிறது. உள்ளே, 1338-39 இல் அம்ப்ரோஜியோ லோரென்ஸெத்தி தீட்டிய நல்லாட்சிச் சுவரோவியம். நகர வாசலிலிருந்து ஒரு சாலை குன்றுகளுக்கு இறங்குகிறது. குதிரைமேல் சிலர் வல்லூறோடு வேட்டைக்குப் புறப்பட்டு இறங்குகிறார்கள். எதிரே ஒரு குடியானவர் பன்றியை ஓட்டிக்கொண்டு மேடேறி வருகிறார். பின்னால் பொதி சுமந்த விலங்குகள். சுற்றிலும் கொடித்தோட்டங்களும், உழுகிற, அறுக்கிற, போரடிக்கிற மனிதர்களும். ஓவியர் சாலையின் இரு பாதிகளையும் வரைந்திருக்கிறார். மேடேறுகிறவரைப்போல் வியர்த்தாலும், நாங்கள் இறங்குகிறவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஊர் திரும்பிய பிறகே எங்களுக்கு உறைத்தது.