மிச்சமான ஒன்றரை மணி

அம்பத்தூர்வாசியான நான் பெங்களூருக்கு இன்றும் பிருந்தாவனில்தான் போகிறேன். "2022-லேயே வந்தே பாரத் வந்துவிட்டதே! நாலரை மணியில் போகலாம். ஆறு மணி நேரத்தை ஏன் வீணாக்குகிறீர்?" என்று நண்பர்கள் இரங்குகிறார்கள்.

வீணா? 1964 முதல் ஓடும் அந்த வண்டியில் ஜன்னலைத் தூக்கினால் காற்று வரும். திருவள்ளூரைத் தாண்டினால் வயல். ஆம்பூர்ப் பக்கம் மலை. எதிரே இருக்கும் அம்மாள் முறுக்கை நீட்டி ஊர், பேர் விசாரிப்பாள். நண்பர்களோ மிச்சம் பிடித்த ஒன்றரை மணியைச் சில்க் போர்டு நாற்சந்தியில் கொட்டிவிட்டு வருகிறார்கள்!

அவசரக்காரருக்கு வேக வண்டி இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மெல்லப் போகும் வண்டியை ஏளனம் செய்வது எங்கே கொண்டுபோய் விடும், தெரியுமா? 2020 ஊரடங்குக்குப் பின் மீண்டும் ஓடிய பாசஞ்சர் வண்டிகளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் சூட்டி, 10 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அதுவரை, பெயரில் மட்டும் வந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர் யார்? கூடைக்காரியும் கூலிக்காரனும்.

நிதானமாகப் போகும் வண்டி உமக்கும் எனக்கும் உல்லாசம். அவர்களுக்கு அதுவே பிழைப்பு. கேலி செய்யுமுன் அதைச் சற்று யோசியும், ஐயா!